ஊரே உறவாக இருக்கும் கரையில், ஆலோசகரிடம் சொன்னது எங்கே போகிறது?

பெரியபட்டினம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். குழந்தை பிறந்த பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கவுன்சிலிங் மையத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்து, வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். முன்மேசையில் இருந்த பெண் என் மாமியாருக்குத் தூரத்து உறவு. மேசைமேல் ஒரு நீள நோட்டு விரித்தபடி கிடந்தது. பெயர், ஊர், கணவர் பெயர், செல்போன் எண், வந்த காரணம் என்று கட்டம் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வந்தவர்களின் வரிகளை நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

உள்ளே நான் சொல்வதை எழுதி வைப்பார்களா? அதை யார் யார் படிக்கலாம்? என் கணவர் சவூதியில் இருக்கிறார். அவரோ என் மாமனாரோ போன் செய்து கேட்டால் சொல்லிவிடுவார்களா? ஆலோசகரிடம் எதையும் மறைக்காதே என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். ஆலோசகர் யாரிடமிருந்து எதை மறைப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பாம்பன் காற்று

சகோதரி, பேசாமல் மதுரைக்குப் போய்விடுங்கள். தீவிலோ கரையிலோ யார் எந்த வாசலில் ஏறினார் என்பது சாயங்காலத்துக்குள் மீன் ஏலக்கூடம் வரை தெரிந்துவிடும். நம் பக்கத்தில் ரகசியம் என்பது நடக்காத காரியம்.

கரையோர ஆலோசகர்

பாம்பன் தம்பிக்கு: மதுரைக்குப் போகச் சொல்வது சுலபம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போக வர ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் கழித்து, வீட்டில் காரணம் சொல்லாமல் வாரம் தவறாமல் போய்வர எந்தப் பெண்ணால் முடியும்? தூரத்தை மருந்தாகச் சொன்னால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இந்தக் கரையிலேயே காப்பாற்ற முடியும். அதற்கு மையம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். நான் இந்த மாவட்டத்தில் நெடுங்காலமாக இந்தப் பணியில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். மற்ற இடங்களில் இவற்றையே கேளுங்கள்.

முதலில் அந்த நோட்டு. அது இருக்கவே கூடாது. வருபவருக்கு ஓர் எண் கொடுக்கிறோம். அந்த எண் யாருடையது என்று காட்டும் தாள் தனியாக ஒரு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அமர்வுக் குறிப்புகள் வேறோர் அலமாரியில் எண்ணை மட்டும் தாங்கி இருக்கின்றன. இரண்டில் ஒன்று மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால் பயன் இல்லை. முன்மேசையில் இருப்பவருக்கு எண்ணும் நேரமும் போதும். வந்த காரணம் அவருக்கு எதற்கு? வேலையில் சேரும் நாளிலேயே, இங்கே கண்டதையும் கேட்டதையும் வேலையை விட்ட பிறகும் வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார்.

எழுதி வைப்போமா என்று கேட்டீர்கள். எழுதுவோம். அடுத்த முறை நீங்கள் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே. ஆனால் எவ்வளவு எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். "தூக்கம் குறைவு, வீட்டில் துணை இல்லை என்ற உணர்வு, பால் கொடுப்பதில் சிரமம், அடுத்த வாரம் தூக்க அட்டவணை பார்க்க வேண்டும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வேன். உங்கள் கொழுந்தனார் என்ன சொன்னார், மாமியார் எந்த நகையை வாங்கி வைத்துக்கொண்டார் என்பதெல்லாம் பெயரோடு தாளில் ஏறாது. எழுதாத ஒன்றை யாராலும் திருட முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது.

கடினமான பிரச்சினை வரும்போது மூத்த ஆலோசகர் ஒருவரிடம் கலந்து பேசுவோம். அது தொழிலின் முறை. பெயர் சொல்ல மாட்டோம். ஆனால் நம் பக்கத்தில் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. "தங்கச்சிமடம், கணவர் இலங்கைச் சிறையில், கடைசிப் பிள்ளைக்குக் காது கேளாது" என்றால் பெயர் சொல்லாமலே வீட்டுக் கதவு வரை போய்விடலாம். ஆகவே ஊரையும் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே மறைப்பேன். நான் கலந்து பேசும் மூத்தவர் வேறு மாவட்டத்துக்காரர். தெரிந்தே அப்படி வைத்துக்கொண்டேன்.

ஒருவர் வெளியே போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தவரை வரச் சொல்கிறோம். எங்கள் கட்டடத்துக்கு ஒரே வாசல், இந்த இடைவெளிதான் இரண்டாவது வாசல். காத்திருக்கும் அறைக்கும் பேசும் அறைக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு மட்டும் இருக்கும் மையங்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒருவர் மூக்கு உறிஞ்சினால் வெளியே கேட்கும். அங்கே உட்காராதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

கடைத்தெருவிலோ கல்யாண வீட்டிலோ உங்களைக் கண்டால் நானாக வணக்கம் சொல்ல மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன். முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் மனம் வருந்துவீர்கள்.

இன்னொன்று. பிள்ளை பெற்ற பின் வரும் இந்தச் சோர்வு பல பெண்களுக்கு வருவது, சரியாகக் கூடியது. அரசு மருத்துவமனையிலும் ஒரு தடவை காட்டுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பெரியபட்டினம் வாசகி

அப்படி எதுவும் தோன்றவில்லை அம்மா. நன்றி. கணவர், மாமனார் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லையே?

சட்டத்தாள்

நான் ராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு. மனநலப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தன் நோய், சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்ற உரிமை இருக்கிறது. சிகிச்சை தருபவர்களுக்கு அது கடமை. விதிவிலக்குகள் உண்டு. சிகிச்சையில் பங்குள்ள மற்ற மருத்துவர்களுக்குச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். இன்னொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்கச் சொல்லலாம், அதுவும் அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சட்டப்படியான வேறு அமைப்போ உத்தரவிட்டால் தர வேண்டும். பொதுப் பாதுகாப்பும் ஒரு காரணம். கணவர் என்பதாலோ மாமனார் என்பதாலோ போனில் கேட்டால் சொல்லலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் "நியமனப் பிரதிநிதி" என்று ஒருவர் உண்டு. அவருடைய கடமைக்குத் தேவையான தகவல் அவருக்குத் தரப்படும். வயது வந்த எவரும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ வைத்துத் தனக்கு நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் ஒருவரைப் பிரதிநிதியாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே உங்கள் அக்காவோ கல்லூரித் தோழியோ யார் வேண்டுமோ அவர் பெயரை இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள் சகோதரி. நம் மாவட்டத்தில் இதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி இதன் குறைகள். கவுன்சிலிங் மையம் என்று பலகை மாட்டியவர் எல்லோரும் அந்தச் சட்டம் சொல்லும் மனநல வல்லுநர் ஆகிவிட மாட்டார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. அடுத்தது, கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆலோசகரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விவாகரத்து வழக்கில் ஆலோசகரைச் சாட்சியாக அழைத்தால் அவர் போகத்தான் வேண்டும். கரையோர ஆலோசகர் குறைவாக எழுதுவேன் என்றாரே, அதன் அருமை அங்கே தெரியும்.

கணினியிலும் செல்போனிலும் வைக்கும் தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முழுமையாக நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, தேவையானதை மட்டும் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்புதலை நீங்கள் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

மேசைக்கு இந்தப் பக்கம்

நான் ஒரு மையத்தில் முன்மேசையில் வேலை பார்த்தவள். மையத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். பூட்டு, அலமாரி எல்லாம் அங்கேயும் இருந்தன. கசிந்தது அதன் வழியாக அல்ல.

பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறேன் என்று நிர்வாகி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். அதுவரை வந்து போன எல்லோருடைய எண்ணையும் அதில் சேர்த்துவிட்டார். கரும்பும் பானையும் போட்ட படம் போனது. அடுத்த சில நிமிடங்களில் ஒருவர் பின் ஒருவராக "இக்குழுவிலிருந்து வெளியேறினார்" என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வெளியேறியவர்களின் எண்ணும் திரையில் தெரிந்தது. ஓர் ஆசிரியை, அவரிடம் படிக்கும் பையனின் தாய், அந்தத் தாயின் நாத்தனார், மூவரும் அதில் இருந்தார்கள். அன்று மாலைக்குள் மூவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துவிட்டது. ஆசிரியை அதன் பிறகு வரவே இல்லை.

அந்த செல்போன் நிர்வாகியின் சொந்த போன். அவர் மகன் அதில்தான் விளையாடுவான். எண்களையும் "இன்னார், மனச்சோர்வு" என்று காரணத்தோடு பதிந்து வைத்திருந்தார். யார் அழைத்தாலும் திரையில் அப்படியே வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிக்கலாம். ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் கேளுங்கள்: மையத்துக்கென்று தனி போன் இருக்கிறதா, என் எண்ணை எந்தப் பெயரில் பதிவீர்கள், அந்த போனை வேறு யார் தொடுவார்கள்?

பெரியபட்டினம் வாசகி

இதைப் படித்ததும் இன்னொரு பயம் வந்துவிட்டது. என் வங்கிக் கணக்கு என் பெயரில் இருந்தாலும் அதோடு இணைத்திருப்பது கணவரின் எண். பணம் எடுத்தால், அனுப்பினால், அவருக்குத்தான் குறுஞ்செய்தி போகும்.

கரையோர ஆலோசகர்

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். நம் பக்கத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தில் நடக்கும் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். க்யூஆர் பலகையில் பணம் செலுத்தினால், மையத்தின் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் பரிவர்த்தனைப் பட்டியலில் ஏறிவிடும். "மனநல மையம்" என்று இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுவீர்கள். ரொக்கமாகக் கொடுங்கள். ரசீது வேண்டாம் என்றாலும் அது உங்கள் விருப்பம். எங்கள் ரசீதில் எண்ணும் தொகையும் மட்டும்தான் இருக்கும்.

உங்களை அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்வோம்: எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? வேறு யாராவது எடுத்தால் எண் மாறிவிட்டது என்று வைத்துவிடச் சொல்பவர்கள்தான் அதிகம்.

தொண்டி வாத்தியார்

நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இத்தனை மறைவும் பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகள் விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆலோசகரிடம் அழுதுகொண்டு எதையோ சொல்லியிருக்கிறது. பெற்றவனுக்கும் தெரியாது, தலைமையாசிரியருக்கும் தெரியாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யார் சட்டையைப் பிடிக்கும்?

கரையோர ஆலோசகர்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் பெற்றோரிடம் அன்றே சொல்வேன். முதல் நாளே பிள்ளையிடமும் பெற்றோரிடமும், ஒரே அறையில் வைத்து, எதை நான் வெளியே சொல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன். உன் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு. நான்காவது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆலோசகருக்கு இதில் விலக்கு இல்லை.

இதைப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தான் விரும்பிப் பழகும் பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள் என்று வையுங்கள். சட்டத்தின் முன் அவள் குழந்தை. உடலுறவு வரை போயிருந்தால் அவள் விருப்பம் கணக்கில் வராது. சொல்லி முடித்த பிறகு "இதை நான் போலீசுக்குச் சொல்ல வேண்டும்" என்றால் அவள் வாழ்நாளில் இன்னொரு பெரியவரை நம்ப மாட்டாள். முன்பே சொன்னால் எதைச் சொல்வது என்ற முடிவு அவள் கையில் இருக்கிறது.

ஆனால் இந்த நான்கும் இல்லாத மற்றவை, மதிப்பெண் பயம், தோழியோடு சண்டை, அப்பா குடித்துவிட்டு வருகிறார் என்ற வெட்கம், இவற்றைத் தலைமையாசிரியர் அறைக்கு நான் கொண்டுவர மாட்டேன் ஐயா. "பிள்ளை வருகிறாள், ஒழுங்காக வருகிறாள்" என்று மட்டும் சொல்வேன்.

தொண்டி வாத்தியார்

முன்பே சொல்லிவிடுவீர்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதை ஏற்க எனக்குக் கொஞ்சம் நாள் ஆகும் அம்மா.

ஜமாஅத் ஊழியன்

எங்கள் ஜமாஅத்தில் கணவன் மனைவி வழக்குகள் வருகின்றன. பேசித் தீர்க்கிறோம், பல குடும்பங்கள் நீதிமன்றம் போகாமல் சேர்ந்திருக்கின்றன. ஆலோசகரிடம் போன தம்பதி என்றால், அவர் கண்டதை எங்களிடம் ஒரு கடிதமாகக் கொடுத்தால் நியாயம் சொல்வது எளிதாகுமே. குடும்பம் பிழைப்பதற்குத்தானே கேட்கிறோம்?

கரையோர ஆலோசகர்

காக்கா, உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதே கோரிக்கை பங்குத்தந்தையிடமிருந்தும் ஊர்த் தலைவர்களிடமிருந்தும் வருகிறது. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: தர முடியாது. கடிதம் போகும் என்று தெரிந்தால் அடுத்த தம்பதி என்னிடம் வந்து வழக்குப் பேசுவார்களே தவிர, மனம் விட்டுப் பேச மாட்டார்கள். அப்போது உங்களுக்கும் பயன் இல்லை, எனக்கும் இல்லை. தம்பதி இருவரும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிட்டுக் கேட்டால் ஒரு வரி தருவேன். எத்தனை முறை வந்தார்கள், தொடர்ந்து வர விரும்புகிறார்களா என்பது மட்டும் அதில் இருக்கும். யார் பக்கம் தவறு என்பது இருக்காது.

ஜமாஅத் ஊழியன்

ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால்?

கரையோர ஆலோசகர்

கிடையாது. இருவரும் சேர்ந்து பேசியது இருவருக்கும் சொந்தம்.

தங்கச்சிமடத்து வலைவீடு

என் வீட்டுக்காரர் படகோடு பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, ஓர் அமைப்பு வந்து எங்கள் தெருப் பெண்களுக்குக் கவுன்சிலிங் என்று கூட்டம் போட்டது. சமுதாயக் கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தார்கள். பின்னால் பெரிய பேனர். பேசு பேசு என்றார்கள். நானும் பேசினேன், அழுதேன். அந்த நேரத்தில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் அழுகிற படம் அவர்களுடைய இணையப் பக்கத்தில் "பயனாளி" என்று பெயரோடு வந்தது. யாரோ அதை எடுத்து எங்கள் ஊர்க் குழுவிலும் போட்டுவிட்டார்கள். என் மகன் அதைப் பள்ளிக்கூடத்தில் நண்பன் போனில் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, "ஏன் அம்மா அவர்கள் முன்னால் அழுதாய்?" என்று கேட்டான். கடலுக்குப் போன மனிதனை நினைத்து அழுதது குற்றமா? அதைப் படம் பிடித்தவர்களைக் கேட்க யாரும் இல்லையா?

சட்டத்தாள்

அக்கா, கேட்கலாம். மனநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்கு வெளியிடக் கூடாது என்கிறது. சமுதாயக் கூடத்துக் கூட்டத்தை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர முடியுமா என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, படத்தையும் பெயரையும் நீக்குமாறு முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். அவர்களுக்குப் பணம் தரும் நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரும்பாலும் நகலைக் கண்டதும் நீக்கிவிடுவார்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

கரையோர ஆலோசகர்

வலைவீட்டு அக்காவின் பதிவைப் படித்துவிட்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் கணக்குக் கேட்பார்கள், அது சரி. கணக்கென்றால் எத்தனை பேர், எத்தனை அமர்வு என்ற எண்ணிக்கை. அழுகிற முகம் கணக்கு ஆகாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. மனம் நொந்தவர்களைக் காட்சிப் பொருளாக நடத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்று இங்கே பணி செய்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூட்டமாக வைத்து ஆலோசனை தரும் எவரும், போன்களை வாசலில் வாங்கி வைத்த பிறகுதான் முதல் வார்த்தை பேச வேண்டும். தங்கள் ஆட்களின் போன்களையும் சேர்த்துத்தான்.

மேசைக்கு இந்தப் பக்கம்

வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதும் அப்படித்தான். ஒரே தாளில் எல்லோர் பெயரும் இருக்கும், கடைசியில் கையொப்பமிடுபவர் மொத்தத்தையும் படித்துவிடுவார். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தால் போதும்.

தம்மாம் இரவுப்பணி

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். பெரியபட்டினம் சகோதரியின் கணவர் இடத்தில் நானும் இருக்கிறேன். மனைவிக்குச் சொல்லாமல் நானும் போனில் ஆலோசனை பெறலாமா என்று யோசிக்கிறேன். ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம். என்ன செய்வது?

கரையோர ஆலோசகர்

செய்யலாம் தம்பி. உங்கள் அறையில் ஆள் இல்லாத நேரத்தை ஷிப்ட் பார்த்துச் சொல்லுங்கள், அந்த நேரத்தை ஒதுக்கித் தருபவராகத் தேடுங்கள். நிறுத்தி வைத்த வண்டிக்குள் உட்கார்ந்து பேசுபவர்கள் உண்டு. ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வையுங்கள், யாராவது வந்தால் தெரியும். "சாப்பிட்டாயிற்றா" என்று நீங்கள் கேட்டால் பக்கத்தில் ஆள் வந்துவிட்டார் என்று பொருள் என்பதுபோல் ஒரு சொல்லை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் அதோடு நிறுத்திவிடுவார். அழைப்பைப் பதிவு செய்வதில்லை என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி வாங்குங்கள், நீங்களும் பதிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்ப வேண்டாம். போன் பழுதுபார்க்கக் கொடுக்கும் நாளில் அது அடுத்தவர் கையில் இருக்கும்.

தம்மாம் இரவுப்பணி

வெள்ளிக்கிழமை காலையில் அறை காலியாக இருக்கும். உங்கள் நேரப்படி பத்தரை மணி. சரிவருமா அம்மா?

கரையோர ஆலோசகர்

இங்கே பொதுவில் நேரம் குறிக்க வேண்டாம். தனிச்செய்தியில் வாருங்கள். இந்தக் கடைசிப் பதிவையும் நீக்கிவிடுங்கள்.